அயல் வானில் நம் பூமி

2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை சந்திரயான்-3 லேண்டர் நிலவில் இறங்கியதை நாடே கண்கொட்டாமல் பார்த்தது. அந்த லேண்டரை நிலவுவரை சுமந்துபோய், அதைப் பிரித்துவிட்டபின் தான்மட்டும் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த உந்துகலனைப் பற்றி அன்று யாரும் பெரிதாகப் பேசவில்லை. அதில் இருந்தது ஒரே ஓர் அறிவியல் கருவி. அதன் பெயர் ‘ஷேப்’. நிலவுக்குப் போன அந்தக் கருவிக்கு நிலவில் வேலையே இல்லை. பூமியைப் பார்ப்பதற்காகவே இஸ்ரோ அதை அனுப்பியது. பூமியிலிருந்து வரும் ஒளியை அகச்சிவப்பு அலைநீளங்களில் பிரித்து, அந்த ஒளி அலைகள் எந்தத் தளத்தில் அதிர்கின்றன என்பதையும் சேர்த்து அளப்பது அதன் பணி. எத்தனையோ செயற்கைக்கோள்கள் ஏற்கெனவே பூமியை அங்குலம் அங்குலமாகப் படமெடுத்துக்கொண்டிருக்கும்போது, ஏறக்குறைய 4 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய்த் திரும்பிப் பார்ப்பானேன்? மற்ற விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் நம் தொலைநோக்கிகளுக்கு வெறும் ஒளிப்புள்ளிகளாகத்தான் அகப்படும். உயிருள்ள ஒரு கோள் புள்ளியாகச் சுருங்கும்போது அதன் ஒளி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, நம் கைவசம் உள்ள ஒரே எடுத்துக்காட்டு பூமிதான்.

பூமியை வெளியிலிருந்து காட்டிய புகழ்பெற்ற படங்கள் எல்லாமே நமக்கு ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்திருக்கின்றன. நாம் மிகச் சிறியவர்கள், நம் சண்டைகள் அதைவிடச் சிறியவை என்பதே அது. அந்தப் பாடத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது பாதி உண்மை. அதுவும் முக்கியத்துவம் குறைந்த பாதி. பிற உலகங்களின் வானத்தில் பூமி எப்படித் தோன்றுகிறது என்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அளவிலோ ஒளிர்விலோ நிறத்திலோ பூமிக்குத் தனிச்சிறப்பு எதுவும் இல்லை என்பது தெரியவரும். அதே நேரம், அந்த ஒளியைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதன் தனிச்சிறப்பு மறைக்கவே முடியாதபடி வெளிப்பட்டு நிற்கிறது. பூமி சிறியது என்பதைவிட, தொலைவிலிருந்தே அடையாளம் காணக்கூடியது என்பதுதான் பெரிய செய்தி.

நிலவிலிருந்து தொடங்குவோம். மனிதக் கண்கள் நேராக நின்று பூமியைப் பார்த்த ஒரே அயல்வானம் அது. அங்கே பூமி, நாம் பார்க்கும் நிலவைவிடக் குறுக்களவில் 3.7 மடங்கு பெரிது. பரப்பில் 13 மடங்குக்கும் மேல். மேகமும் பனியும் ஒளியை வாரித் திருப்பியடிப்பதால், முழுப்பூமி நம் பௌர்ணமி நிலவைவிடச் சுமார் 40 மடங்கு பிரகாசமாக இருக்கும். வியப்பு அதோடு முடியவில்லை. அந்த வானத்தில் பூமி உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. நிலவு எப்போதும் தன் ஒரே முகத்தை நமக்குக் காட்டிக்கொண்டிருப்பதால், நிலவில் ஓரிடத்தில் நிற்பவருக்குப் பூமி ஏறக்குறைய அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். லேசான ஊசலாட்டம் மட்டும் உண்டு. சூரியனும் விண்மீன்களும் அதைக் கடந்து போய்க்கொண்டிருக்க, பூமி நின்ற இடத்திலேயே தேய்ந்து வளரும், 24 மணி நேரத்தில் தன்னைத்தானே சுற்றிக் கண்டங்களைக் காட்டும். சந்திரயான்-3 இறங்கிய இடத்தில் பூமி தொடுவானத்துக்கு மேல் ஏறக்குறைய 17 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அப்பல்லோ 8 பயணத்தில் 1968 டிசம்பர் 24 அன்று வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த ‘பூமி உதயம்’ படத்தில் பூமி எழுந்து வருவதுபோல் தெரிவதற்குக் காரணம், அவர் அமர்ந்திருந்த கலம் நிலவைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்ததுதான். நிலவின் மறுபக்கத்துக்கோ பூமி என்ற ஒன்று வானத்தில் இருப்பதே தெரியாது. 2019-ல் அங்கே இறங்கிய சீனாவின் சாங்-இ 4 கலம் பூமியோடு பேச, இடையில் ஒரு தொடர்புச் செயற்கைக்கோளை நிறுத்த வேண்டியிருந்தது.

நமக்குச் சந்திர கிரகணம் நிகழும் நேரத்தில் நிலவில் இருப்பவருக்கு அது சூரிய கிரகணம். இருண்ட பூமி சூரியனை முழுதாக மறைத்து நிற்க, அதன் விளிம்பைச் சுற்றிச் செந்நிற வளையம் ஒன்று எரியும். அந்த நொடியில் உலகம் முழுதும் நிகழ்ந்துகொண்டிருக்கும் எல்லா விடியல்களும் எல்லா அந்திகளும் சேர்ந்த ஒளி அது. நிலவில் இறங்கியிருந்த சர்வேயர் 3 கலம் 1967 ஏப்ரலில் இப்படியொரு கிரகணத்தைப் படமெடுத்திருக்கிறது. அந்த வளையத்தின் ஒளி நம் காற்றின் ஊடாகப் புகுந்து வளைந்து நிலவில் விழுந்து, நம்மிடமே திரும்பி வருகிறது. கிரகண நிலவு செம்பு நிறம் கொள்வது இதனால்தான். 2008 ஆகஸ்ட் கிரகணத்தின்போது கேனரி தீவுகளில் இருந்த தொலைநோக்கிகளால் எனரிக் பாயேயும் அவர் குழுவினரும் அந்தச் செவ்வொளியைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆக்சிஜன், ஓசோன், நீராவி, மீத்தேன், கரியமில வாயு என நம் காற்றின் கூறுகள் எல்லாம் அதில் தடம் பதித்திருந்தன. படமாகப் பார்த்தால் மங்கிய சிவப்பு வட்டம். ஒளியைப் பிரித்தால் நாம் மூச்சுவிடும் காற்றின் பட்டியல். இந்த வேறுபாட்டின் மேல்தான் என் வாதம் நிற்கிறது.

மற்ற கோள்களுக்குப் போவோம். வெள்ளியின் தரையிலிருந்து பூமி தெரியவே தெரியாது. கந்தக அமில மேகங்கள் வானத்தை முற்றாக மூடியிருக்கின்றன. மேகங்களுக்கு மேலே மிதந்து பார்த்தால், அந்த இரவு வானத்தில் பூமியைவிடப் பிரகாசமான புள்ளி வேறு இராது. நாம் காணும் விடிவெள்ளியையே அது மிஞ்சிவிடும். வெள்ளி நமக்கு மிக அருகே வரும்போது தன் இருண்ட பக்கத்தைக் காட்டுகிறது; பூமியோ வெள்ளிக்கு மிக அருகே வரும்போது முழு ஒளிமுகத்தையும் காட்டுகிறது. செவ்வாயில் கதை தலைகீழ். அங்கிருந்து பார்த்தால் நாம்தான் விடிவெள்ளி, நாம்தான் அந்திவெள்ளி. சூரியனை விட்டு அதிகம் விலகாமல் விடியலுக்கு முன்போ சூரியன் மறைந்த பின்போ மட்டும் தலைகாட்டுவோம். ஸ்பிரிட் ஊர்தி 2004 மார்ச்சில் சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு பூமியைப் படமெடுத்தது. நிலவுக்கு அப்பாலுள்ள ஓர் உலகின் தரையிலிருந்து எடுக்கப்பட்ட முதல் பூமிப் படம் அதுதான். 2014 ஜனவரி 31 அன்று கியூரியாசிட்டி ஊர்தி எடுத்த படத்தில் பூமியின் பக்கத்திலேயே நிலவும் சிறு புள்ளியாகத் தெரிகிறது. அங்கே ஒரு மனிதர் நின்றிருந்தால் கருவி இல்லாமலே இரண்டையும் தனித்தனியே பார்த்திருப்பார். அரிதாக, செவ்வாயிலிருந்து பார்க்கும்போது பூமி ஒரு கரும்பொட்டாகச் சூரியனின் குறுக்கே கடந்துபோகும். 1984 மே 11 அன்று அப்படிக் கடந்தபோது அங்கே இயங்கும் கலம் எதுவும் இல்லை. அடுத்தது 2084 நவம்பர் 10.

வியாழனைத் தாண்டினால் பூமி பரிதாபத்துக்குரிய நிலைக்குப் போய்விடுகிறது. மங்கலாவதால் வரும் சிக்கலைவிடப் பெரிய சிக்கல், அது சூரியனின் கண்கூசும் ஒளிக்குள் ஒண்டிக்கொள்வதுதான். வியாழனின் வானத்தில் பூமி சூரியனிலிருந்து சுமார் 11 டிகிரிக்கு மேல் விலகாது. சனியில் 6 டிகிரி, நெப்டியூனில் 2 டிகிரிகூட இல்லை. அதனால்தான் காசினி கலம், சனிக்கோள் சூரியனை முழுதாக மறைக்கும் தருணத்துக்குக் காத்திருந்து, 2013 ஜூலை 19 அன்று 144 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து வளையங்களுக்குக் கீழே நீலப் புள்ளியாகப் பூமியைப் பிடித்தது. அதற்கும் முன்னால், 1990 பிப்ரவரி 14 அன்று, வானியலாளர் கார்ல் சேகனின் பல ஆண்டு வற்புறுத்தலுக்குப் பிறகு வாயேஜர் 1 திரும்பிப் பார்த்தது. சுமார் 600 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பூமி ஒரு பிக்சலில் எட்டில் ஒரு பங்குதான். கேமராவுக்குள் சிதறிய சூரிய ஒளிக்கீற்று ஒன்றின் நடுவே அது சிக்கியிருந்தது. அந்தக் கீற்று வெறும் தற்செயல். ஆனால் அந்தப் படத்துக்கு ஒரு புனிதத் தோற்றத்தைக் கொடுத்தது அதுதான்.

அந்தப் படத்திலிருந்து சேகன் எடுத்துச் சொன்ன பணிவு உலகுக்கு இன்றும் தேவை. அதை மறுக்க எனக்கு எந்த எண்ணமும் இல்லை. ஆனால் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. அதே நாளில் வாயேஜர் வெள்ளியையும் ஒரு புள்ளியாகப் படமெடுத்தது. பூமியும் வெள்ளியும் அளவில் கிட்டத்தட்ட இரட்டையர். சூரியனிலிருந்து அடுத்தடுத்த பாதைகளில் சுற்றுபவை. சிறுமைதான் செய்தி என்றால் இரண்டு புள்ளிகளும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. ஒன்று ஈயம் உருகும் 460 டிகிரி உலை, மற்றது காடும் கடலும் என்பதை அந்தப் படங்களிலிருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. நீலம் காட்டிக்கொடுக்குமே என்று சிலர் சொல்லக்கூடும். காட்டிக்கொடுக்காது. யுரேனஸும் நெப்டியூனும்கூட நீலம்தான். அவற்றின் மீத்தேன் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் வந்த நீலம். சிறியது என்பதற்காக ஒன்றைப் போற்ற வேண்டியதில்லை. பிரபஞ்சத்தில் சிறியவை கணக்கற்றவை. இந்தக் குறிப்பிட்ட புள்ளியைப் போற்ற வேறு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை ஒளியே வைத்திருக்கிறது.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் ஜேம்ஸ் லவ்லாக். 1960-களில் செவ்வாயில் உயிர் தேடும் திட்டங்களுக்காக நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தோடு பணியாற்றியபோது, மண்ணைக் கிளறித் தேடுவதைவிடக் காற்றைப் பாருங்கள் என்றார். உயிரற்ற கோளின் காற்று நாளடைவில் வேதிச் சமநிலைக்கு வந்து ஓய்ந்துவிடும். உயிர் இருந்தால் அந்தச் சமநிலை இடைவிடாமல் குலைக்கப்பட்டுக்கொண்டே இருக்கும் என்பது அவரும் டயான் ஹிட்ச்காக்கும் முன்வைத்த வாதம். பூமியின் காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன். அதோடு மீத்தேனும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்னும் வாயுக்கள். காற்றில் கலந்த மீத்தேன் பத்து ஆண்டு அளவிலேயே அழிந்துவிடும். இருந்தும் அது குறையாமல் இருக்கிறது என்றால், சதுப்பு நிலங்களிலும் வயல்களிலும் கால்நடைகளின் குடலிலும் உள்ள நுண்ணுயிர்களும் பிறவும் ஓயாமல் அதை ஊற்றிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். இந்த வாதத்தைச் சோதிக்க 1990 டிசம்பர் 8 அன்று ஒரு வாய்ப்புக் கிடைத்தது. வியாழனுக்குப் போகும் வழியில் வேகம் பெறுவதற்காகக் கலிலியோ கலம் பூமிக்கு 960 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. பூமியைப் பற்றி எதுவுமே தெரியாதவர்கள்போல நடந்துகொண்டு, கருவிகள் சொல்வதை மட்டும் நம்பி, இங்கே உயிர் உண்டா என்று சேகனும் சகாக்களும் ஆராய்ந்தார்கள். 1993-ல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது. ஆஸ்திரேலியாவையும் அண்டார்க்டிகாவையும் காட்டிய படங்களில் நாகரிகத்தின் அடையாளம் துலங்கவில்லை. ஒளியைப் பிரித்துப் பெற்ற நிறமாலையோ ஏராளமான ஆக்சிஜனைக் காட்டியது; சமநிலைக்கு ஒவ்வாத மீத்தேனைக் காட்டியது; சிவப்பு ஒளியை விழுங்கி அகச்சிவப்பைத் திருப்பியடிக்கும் ஒரு நிறமி நிலமெங்கும் பரவியிருப்பதைக் காட்டியது. பச்சையம்தான் அந்த நிறமி. கூடவே, இயற்கையில் தோன்ற வழியில்லாத வானொலி அலைகள். அதே சேகன்தான் மங்கிய புள்ளியின் சிறுமையையும் நமக்குக் காட்டியவர். இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை. உலகம் முதலாவதை மனப்பாடம் செய்துகொண்டு, அறிவியல் வலிமை மிகுந்த இரண்டாவதை மறந்துவிட்டது.

அவ்வளவு அருகில் பறந்ததால் கிடைத்த வெற்றி அது, தொலைவிலிருந்து முடியுமா என்று கேட்கலாம். மூன்றாம் பிறையை உற்றுப் பார்த்தவர்களுக்குப் பிறையின் இருண்ட பகுதியும் சாம்பல் நிறத்தில் மெல்ல ஒளிர்வது தெரியும். பூமி எறிந்த ஒளி நிலவில் பட்டுத் திரும்புவதே அது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லியனார்டோ டா வின்சி இதைச் சரியாக விளக்கிவிட்டார். கடலும் காடும் மேகமும் பாலையும் எல்லாம் ஒன்றாகக் கலந்து, பூமி ஒரே புள்ளியானால் எப்படி இருக்குமோ அப்படிப்பட்ட கலப்பு ஒளி அது. 2002-ல் இரண்டு குழுக்கள் அந்தச் சாம்பல் ஒளியில் தாவரங்களின் அகச்சிவப்புத் தடத்தைத் தேடி, மெலிதாகக் கண்டன. 2012-ல் சிலி நாட்டில் உள்ள ஐரோப்பியத் தொலைநோக்கியால் மைக்கேல் ஸ்டெர்சிக் குழு ஒளியின் அதிர்வுத் தளத்தையும் சேர்த்து அளந்து, மேக அளவு, கடற்பரப்பு, தாவரங்கள் ஆகியவற்றின் அடையாளங்களைப் பிரித்தெடுத்தது. 2008-ல் டீப் இம்பாக்ட் கலம் சுமார் 5 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து பூமியைக் கவனித்தபோது எடுத்த அளவுகளை ஒற்றைப் புள்ளியாகச் சுருக்கி ஆராய்ந்தார்கள். பூமி சுழலச் சுழல நிறம் மாறிய விதத்திலிருந்தே நிலமும் கடலும் தனித்தனியாக வெளிவந்தன.

இதைவிட அழுத்தமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை; ஆளில்லாத வானத்தில் பூமி எப்படித் தோன்றினால் என்ன? அங்கே யாரேனும் இருக்கிறார்கள் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பார்வை நமக்கே தேவைப்படுகிறது. உயிர் உண்டா இல்லையா என்ற கேள்வியில் பூமிதான் விடை தெரிந்த ஒரே கணக்கு; அதில் சரியாக வராத முறையை வேறெங்கும் நம்ப முடியாது. அதோடு, நாம் மற்றக் கோள்களைத் தேடும் அதே முறையில் நம்மையும் காணக்கூடிய இடங்கள் எவை என்பது கணக்கிடக்கூடிய ஒன்று. தொலைவிலிருந்து பார்க்கும்போது பூமி சூரியனின் குறுக்கே கடந்தால், சூரிய ஒளியில் 12,000-ல் ஒரு பங்கு குறையும். அதிகம் போனால் 13 மணி நேரம். இது தெரிய வேண்டுமென்றால் பார்ப்பவர் பூமியின் பாதைத் தளத்தின் நேரே இருக்க வேண்டும். அதாவது, நாம் ராசி மண்டலம் என்று சொல்லும் பட்டையின் நடுக்கோட்டை ஒட்டிய மிகக் குறுகலான ஒரு வளையத்துக்குள். 2021-ல் லிசா கால்டெனெக்கரும் ஜாக்கி ஃபாஹெர்டியும் சுமார் 326 ஒளியாண்டுக்குள் உள்ள விண்மீன்களைக் கணக்கிட்டு, கடந்த 5,000 ஆண்டுகளில் 1,715 விண்மீன்கள் அந்த வளையத்துக்குள் வந்திருக்கின்றன என்றார்கள். அடுத்த 5,000 ஆண்டுகளில் மேலும் 319. கன்னி ராசிப் பக்கம் உள்ள ராஸ் 128, சுமார் 900 ஆண்டுகளுக்கு முன்பே அந்த வாய்ப்பை இழந்துவிட்டது. மேஷத்தில் உள்ள டீகார்டன் விண்மீனுக்கு 2050 வாக்கில் அது வாய்க்கும். பூமி அளவுள்ள ஏழு கோள்கள் சுற்றும் கும்பத்தின் டிராப்பிஸ்ட்-1 இன்னும் 1,600 ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். வானத்தில் ஒருவருக்கொருவர் தென்படுவது நிரந்தர உரிமை இல்லை என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன; விண்மீன்கள் நகர நகரச் சன்னல்கள் திறந்து மூடுகின்றன.

என் வாதத்துக்கு உள்ளேயே இருக்கும் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. உயிருள்ள பூமி எப்போதும் தன்னை இப்படிக் காட்டிக்கொள்ளவில்லை. குறைந்தது 350 கோடி ஆண்டுகளாக இங்கே உயிர் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதோ ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதன் பிறகும் மிக நீண்ட காலம் அது கொஞ்சமாகவே இருந்தது. காடுகள் நிலத்தை மூடியது இன்னும் பிந்தி. அந்தக் காலங்களில் ஒருவர் தொலைவிலிருந்து ஆக்சிஜனை மட்டும் தேடியிருந்தால், நுண்ணுயிர்கள் நிரம்பிய பூமியை உயிரற்றது என்று குறித்துவிட்டுப் போயிருப்பார். எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. சிவப்புக் குறுவிண்மீன்களின் அருகே சுற்றும் ஒரு கோள் தன் கடல்களை ஆவியாக்கி, ஹைட்ரஜனை விண்வெளிக்கு இழந்து, உயிரே இல்லாமல் ஆக்சிஜனைச் சேர்த்துவைக்க முடியும். இவை என் வாதத்தை வீழ்த்தவில்லை, அதைத் துல்லியமாக்குகின்றன. ஒற்றை வாயுவைக் கண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்த வாயுக்கள் ஒன்றாக இருக்கக் கூடாதோ அவை ஒன்றாக இருக்கின்றனவா என்றே பார்க்க வேண்டும். ஆக்சிஜன் குறைவாக இருந்தாலும் புற ஊதாக் கதிர்களில் தடம் காட்டும் ஓசோனைப் பார்க்க வேண்டும். அந்தக் கோளின் தாய்விண்மீன் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். நாசா திட்டமிட்டுவரும் அடுத்த பெரும் விண்வெளித் தொலைநோக்கி, தன் சூரியனைவிட ஏறக்குறைய 1,000 கோடி மடங்கு மங்கலான கோளை அதன் அருகிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும் என்ற இலக்கோடு வடிவமைக்கப்படுவது இத்தகைய சோதனைகளுக்காகத்தான்.

நிறமாலைக் கோடுகள் மனத்தைத் தொடாது, படம்தான் தொடும் என்று சொல்பவர்களும் உண்டு. 1968-ன் ‘பூமி உதயம்’ சுற்றுச்சூழல் இயக்கத்துக்கு ஊட்டம் கொடுத்தது என்பதும், 1970 ஏப்ரலில் முதல் பூமி நாள் கொண்டாடப்பட்டதும் அவர்களுக்குச் சாதகமான சான்றுகள்தான். படத்தின் ஆற்றலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் படம் சொல்லும் சிறுமையை நம்மால் மாற்ற முடியாது. 12,742 கிலோமீட்டர் குறுக்களவு அப்படியேதான் இருக்கும். ஒளி சொல்லும் செய்தியை நாம் ஒவ்வொரு நாளும் மாற்றிக்கொண்டிருக்கிறோம். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அகச்சிவப்பில் அது விழுங்கும் பட்டை அதற்கேற்ப அகலமாகிறது. மீத்தேன் இரண்டரை மடங்குக்கும் மேல் பெருகியிருக்கிறது. இயற்கையில் இல்லாத குளோரோஃபுளோரோகார்பன்கள் 20-ஆம் நூற்றாண்டில் நம் காற்றில் புதிதாகத் தடம் பதித்தன. அவை ஓசோனை அரித்தன. ஓசோன்தான் அயல் வானிலிருந்து பார்ப்பவருக்குப் பூமியின் ஆக்சிஜனைக் காட்டிக்கொடுக்கும் முக்கியச் சான்றுகளில் ஒன்று. தரையில் உள்ள நமக்கோ அது புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் கூரை. 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அந்தக் குளோரின் சேர்மங்களின் அளவு இறங்கத் தொடங்கி, இன்றும் இறங்கிக்கொண்டிருக்கிறது. கரியமில வாயுவின் அளவு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.